‘கழுத்தைப் பிடிச்சாரு’: சொன்ன சொல் தாளில் ஏற வேண்டும்

“கழுத்தைப் பிடிச்சாரு” என்று ஒரு பெண் சொல்வார். மருத்துவமனைச் சீட்டில் அது ‘கழுத்து வலி’ ஆகிவிடும். காவல் நிலைய ரசீதில் ‘குடும்பத் தகராறு’. ஊர்ப் பஞ்சாயத்தில் ‘புருஷன் பொண்டாட்டி சண்டை’. வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இந்தத் தாள்கள்தான் இருக்கும். அந்தப் பெண் முதலில் சொன்ன சொல் அவற்றில் எதிலும் இருக்காது.

குடும்ப வன்முறைக்கு ஆளானவருக்குத் துணை நிற்கிற வேலையில் முக்கால்வாசி இதுதான்: அவர் வாயிலிருந்து வந்த சொல் சுருங்காமல் தாளில் ஏறுகிறதா என்று ஒவ்வொரு மேஜையிலும் பக்கத்தில் நின்று பார்ப்பது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வக்கீல் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டும் வேண்டும்.

முதல் பேச்சில் ‘வன்முறை’ என்ற சொல்லே வராது. “கோவத்துல கை நீட்டிட்டாரு”, “குடிச்சா மட்டும்தான்”, “வாய்ச்சண்டைதான், அப்பப்ப அடிப்பாரு” என்றுதான் வரும். “ஏம்மா இவ்வளவு நாளு பொறுத்துக்கிட்டே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டதும் அந்தப் பெண் நம்மையும் மாமியார் வீட்டு ஆள் கணக்கில் சேர்த்துவிடுவார். கணவன் பெயரைச் சொல்லக் கூசுகிற அக்காமார்கள் இன்னும் இருக்கிறார்கள். வற்புறுத்தாமல் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்; எழுத்துப் பிழையும் வராது.

அடுத்து தேதி. “எப்ப அடிச்சாரு?” என்றால் “ரொம்ப நாளா” என்பதுதான் பதில். நீதிமன்றத்துக்கு அது போதாது. டெல்டாவில் காலம் தண்ணீரிலும் பயிரிலும் ஓடுகிறது. கேள்வியையும் அப்படியே கேளுங்கள். “அன்னைக்கு வயல்ல என்ன வேலை நடந்துச்சுக்கா?” என்று கேட்டால் “குறுவை நடவு முடிஞ்ச மறுவாரம்”, “சம்பா அறுப்புக்கு மிஷின் வந்த அன்னைக்கு”, “ஆடிப்பெருக்குக்கு முதநாளு”, “கஜா புயலுக்கு முன்னாடி” என்று வரிசையாக வரும். கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12 என்றாலும் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்துப் போடுங்கள். நிச்சயமாகத் தெரியாத தேதியை இட்டுக்கட்டி எழுதாதீர்கள். ‘2023 சம்பா அறுப்புச் சமயம், தை மாதம்’ என்பது உண்மை. ‘2023 ஜனவரி 20, மாலை 6 மணி’ என்று நீங்களாக நிரப்பினால் குறுக்கு விசாரணையில் முதலில் உடைவது அதுதான். முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை, யாராவது பார்த்த தடவை என்று இந்த நான்கும் தெளிவாகக் கிடைத்தால் நல்ல தொடக்கம்.

தேதிகளுக்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்விகள் சில உண்டு. கழுத்தை நெரித்தானா? அரிவாளையோ மண்ணெண்ணெயையோ எடுத்து மிரட்டினானா? கொன்றுவிடுவேன், நானும் செத்துவிடுவேன் என்கிறானா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தானா? பின்தொடர்கிறானா? இதில் கழுத்து நெரிப்பைத் தனியாக, நேராகக் கேளுங்கள்: “கழுத்துல கை வச்சாராக்கா? துணியால இறுக்கினாரா? மூச்சு முட்டுச்சா? கண்ணு இருட்டுச்சா?” ஒருமுறை நெரித்தவன் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து, கன்னத்தில் அறைகிறவனைவிடப் பல மடங்கு அதிகம். வெளியில் காயமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மிப்போவது, எச்சில் விழுங்க வலிப்பது, கண்ணிலும் இமையிலும் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போனது ஆகியவைதான் அடையாளம். உள்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரும், ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரும். அதனால் “இப்ப நல்லாத்தான் இருக்கேன்” என்றாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: வயல் மருந்து. பூச்சி மருந்து டப்பா திண்ணையிலும் பரணிலும் கிடக்கும் ஊர் இது. “செத்துடலாம்னு தோணுதா?” என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தயங்காமல் கேளுங்கள். தோன்றுகிறது என்றால் மருந்து எங்கே இருக்கிறது, யாரை வைத்து அதை அப்புறப்படுத்தலாம் என்பது அன்றைய முதல் வேலை. புகார் அதற்குப் பிறகு. 14416, 104 இரண்டு எண்களிலும் மனநல உதவி கிடைக்கும். அன்றிரவு அவரைத் தனியாக விடக் கூடாது.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று போடுவார்கள். எல்லோரும் ‘ஏ.ஆர்.’ என்பார்கள். இரவு வேலையில் இருக்கும் மருத்துவர் “என்னம்மா ஆச்சு?” என்பார். மாமியார் பக்கத்தில் நின்றால் “வழுக்கி விழுந்துட்டேன்” என்றுதான் பதில் வரும். பதிவேட்டிலும் தானே விழுந்ததாக ஏறிவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. எனவே உள்ளே போகும்போது கூடப் போகிறவர் நீங்களாக, அல்லது அவருடைய அம்மாவாக இருக்கட்டும். யார் அடித்தது, எதைக் கொண்டு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற நான்கையும் அவரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். “கணவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார்” என்றால் அப்படியே எழுதச் சொல்லிக் கேளுங்கள். காயத்தின் நீள அகலம், நிறம், எந்தப் பக்கம் என்பதும் வர வேண்டும். ஏ.ஆர். எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்; நகல் பின்னால் வாங்க அந்த எண்தான் சாவி.

கன்றிப்போன காயம் அன்றைக்குச் சரியாகத் தெரியாது. மறுநாளும் மூன்றாம் நாளும்தான் கறுக்கும். முதலில் முகமும் காயமும் சேர்ந்து தெரியும்படி ஒன்று, பிறகு காயத்தை மட்டும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து ஒன்று என்று மூன்று நாளும் போட்டோ எடுங்கள். மிரட்டல் வாய்ஸ் மெசேஜ் இருந்தால் அதை வெட்டாதீர்கள், அந்தப் போனிலிருந்து அழிக்கவும் விடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்று வேண்டும். மூலப் போன் கையில் இருந்தால் அது எளிது.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு. இது வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். அல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் “கேஸ் போட்டாச்சு” என்று நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். குடும்ப விவகாரங்களில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது, அதனால் சி.எஸ்.ஆர். கொடுப்பதே தப்பு என்று சண்டை போடுவதில் பயனில்லை. அது எத்தனை நாள் அப்படியே கிடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். கணவனோ அவன் உறவினரோ செய்த கொடுமைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 498-ஏ இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா 85-ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. நெரித்தது கொல்லும் நோக்கத்தில் என்றால் கொலை முயற்சிக்கான 109-ஆம் பிரிவும் பேசப்பட வேண்டும். புகாரில் பிரிவு எண்ணை நாம் எழுத வேண்டியதில்லை. நடந்ததைத் தெளிவாக எழுதினால் போதும். வேறு நிலைய எல்லை என்று திருப்பி அனுப்பினால், எல்லை பார்க்காமல் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கவே மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள்.

நிலையத்தில் மிகவும் ஆபத்தான தாள் வேறு ஒன்று. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில், ‘சமாதானமாகப் போகிறோம், மேல் நடவடிக்கை வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தப் பெண் திரும்பிப் போக நினைத்தால் அது அவர் முடிவு. அதைத் தடுக்கிற உரிமை நமக்கு இல்லை. ஆனால் அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லலாம்: எந்தத் தேதியில் என்ன நடந்தது என்ற ஒரு வரி, இனி செய்ய மாட்டேன் என்று கணவன் கையெழுத்து, மீண்டும் நடந்தால் இந்தப் புகாரையும் சேர்த்து நடவடிக்கை எடுக்கக் கேட்பேன் என்ற வரி, ஒரு நகல் அவர் கையில். ‘தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன்’ என்ற வாக்கியத்தில் மட்டும் கையெழுத்துப் போட விடாதீர்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதுகிற முச்சலிக்கா என்ற உறுதிமொழிக்கும் இதே கவனம் வேண்டும். பஞ்சாயத்தில் பேசுகிற பெரிய மனிதர் கணவனின் பங்காளியாகவோ, அவன் குத்தகைக்கு உழும் நிலத்தின் சொந்தக்காரராகவோ இருப்பது சாதாரணம். அந்தத் தாளைக் காட்டி யாரையும் கைது செய்ய முடியாது.

கைது செய்ய வைக்கிற தாள், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவு. அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். இதற்கான வாசல், சமூக நலத் துறையின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். அவர் படிவம் 1-இல் குடும்ப நிகழ்வு அறிக்கை தயாரிப்பார், ‘டி.ஐ.ஆர்.’ என்பது இதுதான். தேதி, இடம், நேரம், யார் செய்தது என்று அதில் கட்டம் இருக்கிறது. முன்பு நடவையும் அறுப்பையும் வைத்துக் கோத்த கணக்கு இங்கேதான் போய் உட்காரும். உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும், பணம் என்று வன்முறை வகைகளும் உண்டு. பாலியல் கட்டத்தைத் தொடாமலே தாண்டிவிடுவார்கள். அலுவலர் ஆணாக இருந்தால் இன்னும் வாய் வராது. தனியாக உட்காரவைத்துக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். பாதுகாப்பு அலுவலர் இல்லாமல் நேரடியாகக் குற்றவியல் நடுவரிடம் 12-ஆம் பிரிவின் கீழ் மனுப் போடவும் சட்டம் இடம் தருகிறது. வக்கீலுக்குக் காசில்லை என்று நிற்க வேண்டாம்: பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும்; போனில் 15100.

எங்கே போடுவது? மன்னார்குடியில் வாழ்க்கைப்பட்டவர் சீர்காழியில் அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அந்தப் பகுதி நீதிமன்றத்திலேயே போடலாம். தற்காலிகமாகத் தங்கும் இடமும் கணக்கு. ஒரு சின்னச் சிக்கல்: மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது. பழைய ஆவணங்களில் நாகப்பட்டினம் என்றே இருக்கும். மனுவில் இப்போதைய மாவட்டத்தை எழுதி, ஆவணத்தில் ஏன் வேறாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் அலைவது மிச்சம்.

மனுவில் என்ன கேட்கிறோமோ அதுதான் கிடைக்கும். ‘தக்க நிவாரணம் வேண்டும்’ என்றால் ஒன்றும் வராது. வீட்டுக்குள் இருக்கும் உரிமை, அவன் வேலை இடத்துக்கும் பிள்ளை பள்ளிக்கும் வரக்கூடாது என்ற தடை, மாதச் செலவு, பிள்ளைகளின் பொறுப்பு, நகை திரும்பக் கொடுத்தல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக, விலாசத்தோடும் தொகையோடும் கேட்க வேண்டும். இங்கே நிறைய வீடுகள் கோயில் மனையிலும் மடத்து இடத்திலும் நிற்கின்றன; பட்டா கிடையாது. அல்லது மாமனார் பெயரில் இருக்கும். “வீடு எம் பேர்ல இல்ல, அவ எப்படி இருக்க முடியும்?” என்பார்கள். சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமைக்குப் பெண் பெயரில் பத்திரம் தேவையில்லை என்று குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மாமனார் பெயரில் உள்ள வீடும் இதில் வரக்கூடும் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடைக்கால உத்தரவு உடனே வேண்டுமானால் படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டால் வாய்தா மேல் வாய்தாதான்.

ஜீவனாம்சத் தொகைக்கு வரும் வழக்கமான பதில், “எனக்கு வருமானமே இல்லை, விவசாயக் கூலி.” நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை இணையத்தில் பார்க்கலாம், பயிர்க் கணக்கான அடங்கலை கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன், டிராக்டரின் ஆர்.சி. புத்தகம் எல்லாம் பேசும். 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் - நேகா தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும்; தொகையும் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கு. ஆகவே மனுவை ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஒரு மாதக் காசு போச்சு. கணவன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் பாஸ்போர்ட் பக்கம், வேலை அனுமதி, பணம் அனுப்பிய ரசீது இவற்றின் போட்டோ, வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே எடுத்தாக வேண்டும். கிளம்பிய பிறகு கிடைக்காது.

நகைதான் டெல்டாவில் தனிப் பாடு. பெண்ணுக்குப் போட்ட நகை பீரோவில் இருக்காது. சாகுபடிச் செலவுக்குக் கூட்டுறவு வங்கியிலோ அடகுக் கடையிலோ இருக்கும், பெரும்பாலும் கணவன் பெயரில். “பத்து பவுன் போட்டோம்” என்று எழுதினால் நிற்காது. கல்யாண ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதுங்கள்: ஆரம் 5 பவுன், வளையல் 4 உருப்படி 4 பவுன், தோடும் ஜிமிக்கியும் 1 பவுன், எந்த ஊர்க் கடையில் வாங்கியது, பில் யாரிடம், எந்தச் சாகுபடிக்கு எங்கே வைத்தது. அந்த உருப்படி தெரிகிற போட்டோவின் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். அடகுச் சீட்டு கண்ணில் பட்டால் ஒரு போட்டோ. இந்தப் பட்டியல் டி.ஐ.ஆரோடு இணைக்க வேண்டிய ஆவணங்களில் ஒன்று. ஒரு மத்தியானம் முழுக்கப் பிடிக்கிற வேலை, அவசரப்படக் கூடாது.

வீட்டை விட்டு வெளியேறுகிற நாளும் அதற்குப் பிறகு வரும் சில வாரங்களும்தான் உயிருக்கு மிகவும் ஆபத்தான காலம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தினம் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை முன்பே ஒரு பையில் போட்டு நம்பிக்கையான இடத்தில் வைக்க வேண்டும். கூடப் பிறந்தவர் வீடு கணவன் முதலில் தேடும் இடம். மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் கையில் காசு இல்லாமலும் கிளம்பலாம். ஆனால் கண்டக்டர் ஊர்க்காரராக இருப்பார் என்பதையும் யோசியுங்கள். மாவட்டத்தின் சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். மகளிர் உதவி எண் 181-ஐ எந்நேரமும் அழைக்கலாம். அதற்குப் பிறகு விடுதி என்றால், எத்தனை வயது ஆண் பிள்ளை வரை உடன் வைத்துக்கொள்ள விடுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். பன்னிரண்டு வயது மகனைப் பிரிய மனமில்லாமல் அந்த வாசலிலிருந்தே திரும்பிப் போய்விடுவார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் கவனம். சிம் அவன் பெயரில், வங்கி எஸ்.எம்.எஸ். அவன் நம்பருக்கு, வாட்ஸ்அப் இன்னொரு போனிலும் இணைக்கப்பட்டிருக்கும். மகளிர் உரிமைத் தொகை வருகிற கணக்கின் ஏ.டி.எம். கார்டும் அவனிடம் இருக்கலாம். வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, செல் நம்பரை மாற்ற வேண்டும். ஆனால் இது எல்லாவற்றையும் வெளியேறிய அன்றுதான் செய்ய வேண்டும், ஒரு வாரம் முன்பு செய்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் அழைப்பது எந்த நேரத்தில் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது எடுத்தால் “குழு மீட்டிங்குக்குக் கூப்பிட்டேங்க” என்று சொல்லி வைத்துவிடலாம். அதே குழுக் கடன் அவர் பெயரில் இருந்தால், வெளியேறிய பிறகும் வார வசூல்காரர் அம்மா வீட்டு வாசலில் வந்து நிற்பார். நிலுவை எவ்வளவு, பணம் யார் கைக்குப் போனது என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். மாதச் செலவு கேட்கும்போது அதையும் காட்டலாம்.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடப்பு அப்படி இல்லை என்பதை அந்தப் பெண்ணிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உத்தரவு வந்ததும் நகல் இலவசம். அதில் ஒரு நகல் காவல் நிலையத்தில் உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நோட்டீஸ் சார்பு ஆகாமல், அதாவது அவன் கைக்குப் போய்ச் சேராமல் திரும்பினால் பெரும்பாலும் காரணம் விலாசம். ‘கீழத்தெரு’ என்று மட்டும் எழுதினால் ஒரு ஊராட்சியில் மூன்று கீழத்தெரு இருக்கும். கதவு எண், பக்கத்துக் கோயில், அவன் அப்பா பெயர் எல்லாம் வேண்டும்.

நடவுக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் வாய்தா விழுந்தால் அன்றைய கூலி போகும். வராமல் இருந்துவிட்டால் மனுத் தள்ளுபடியாகிவிடலாம். வழக்குப் போட்ட அன்றே வழக்கின் தனி அடையாளமான, பதினாறு எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண்ணை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த தேதி வரும். அவரிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால் அம்மா வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தேதித் தாளைத் தேடி எடுத்துப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். முதல் நாள் சாயங்காலம் ஒரு போன் செய்யுங்கள்: “நாளைக்கு வாய்தாக்கா, எட்டு மணி பஸ்ஸுக்கு வந்துடுங்க, நான் கோர்ட் வாசல்ல நிக்கிறேன்.”